ஏரிவாயரும் நூறடிக் கோடும்

புதன்கிழமை என்றால் அந்த ஊரில் யாருக்கும் வேலை ஓடாது. பள்ளிக்கூடம் அரை நாள். வங்கியில் நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருக்கும். பல் வலி என்று ஓடினால் பல் டாக்டர் இருக்க மாட்டார், அவரும் ஏரிக்கரையில்தான் நிற்பார். காரணம், புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஏரி பேசும்.

ஏரி என்றால் சாட்சாத் ஏரிதான். தண்ணீர், பாசி, படகு, ஓரத்தில் மிதக்கும் பாட்டில் எல்லாம் உள்ள ஏரி. இத்தனை காலமும் அது வாயைத் திறந்ததில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மனிதர் கையில் கவட்டைக் குச்சி ஒன்றைப் பிடித்தபடி பேருந்திலிருந்து இறங்கினார். அன்றிலிருந்து ஏரிக்குப் பேச்சு வந்துவிட்டது. அதுவும் அவரிடம் மட்டும்தான் பேசும். காலம் காலமாக அதில் மீன் பிடித்தவனிடமோ, அதன் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவனிடமோ ஒரு வார்த்தை பேசாது. ஊர் அவருக்கு ஏரிவாயர் என்று பெயர் வைத்தது.

அப்படி என்னதான் பேசும்? தன் எல்லையைச் சொல்லும். ஏரிவாயர் குச்சியின் இரண்டு காலையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கரையோரம் நடப்பார். உதடு மட்டும் அசையும். குச்சியின் நுனி சாய்ந்த இடமெல்லாம் ஏரியின் எல்லை. பின்னாலேயே நகரசபை ஊழியர் ஒருவர் சுண்ணாம்புத் தூளைச் சிந்திக்கொண்டு வருவார். அந்த வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறவன் அமோகமாக வாழ்வான். கோட்டுக்குள் இருக்கிறவன் வீட்டிலிருந்து ஏரி ஓர் ஆளை எடுத்துக்கொள்ளும். எந்த ஆள் என்று ஏரி சொல்வதில்லை. ஊரையே கரையில் நிறுத்த அது போதாதா?

கூட்டம் அலைமோதியது. மனை வாங்கியவன், வாங்கப் போகிறவன், பக்கத்து வீட்டுக்காரன் கோட்டுக்குள் மாட்டுகிறானா என்று பார்க்க வந்தவன், எல்லோரும் காணிக்கை உறையோடு வரிசையில் நின்றார்கள். ஏரித் தண்ணீரை ஏரிக்கரையிலேயே பாட்டிலில் அடைத்து விற்றார்கள். பத்தடி தள்ளி அதே தண்ணீர் சும்மா கிடந்தது. அதில் ஒரு நாய் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது. வாங்கினவர்கள் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த நாயைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கூத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். நகரசபை வரைபட அறையில் வேலை. வலது ஆள்காட்டி விரலில் எந்நேரமும் மைக்கறை இருக்கும் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு மைவிரல் என்று பெயர். ஏரிக்கு எல்லை சொல்ல ஏற்கனவே விதி இருக்கிறது என்பதும், அது எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அலுவலக மேஜை ஒன்றின் கால் ஆடாமல் இருக்க அதன் அடியில் விதிப் புத்தகத்தைத்தான் கொடுத்திருந்தார்கள்.

அந்த விதியில் ஒரு மந்திரமும் இல்லை. ஏரி நிறைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று ஒரு கோடு உண்டு. அங்கிருந்து முதல் நூறடியில் எதையும் கட்டக் கூடாது. அடுத்த இருநூறடியில் வீடு கட்டலாம், சின்னக் கடை வைக்கலாம். விடுதி, கிடங்கு, பட்டறை எல்லாம் அதற்கும் பின்னால். ஏன் என்றால், ஊர் முழுக்க அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கரையில் கழிப்பறை கட்டினால் அது குழாய் வழியாக நம் வீட்டுக் குடத்துக்கே வந்து சேரும். இதைப் புரிந்துகொள்ள ஞானம் வேண்டாம், மூக்கு இருந்தால் போதும்.

ஆனால் அளவு டேப்பைப் பார்த்து யாருக்குப் புல்லரிக்கும்? ஏரிவாயர் வந்த முதல் மாதமே வடகரையில் நடந்து காட்டினார். அலமாரியில் பூட்டியிருந்த நகரசபை வரைபடத்தைப் பார்க்காமலே அதிலிருந்த நூறடிக் கோட்டின் மேல் அடி பிசகாமல் நடந்தார். சுண்ணாம்புக் கோட்டையும் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த என்ஜினியர் மூக்கின் மேல் விரலை வைத்தார். நகரசபைத் தலைவர் அங்கேயே கண் கலங்கினார். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் வந்தது. இனி அளவை வேண்டாம், குச்சியே போதும். முன்பெல்லாம் பழைய வீடுகளை யாரும் தொட மாட்டார்கள். இனி பழையதோ புதியதோ, ஏரியின் எல்லைக்குள் இருப்பவர் காலி செய்ய வேண்டும். விதிவிலக்கு வேண்டுமா? அதையும் ஏரியே கொடுக்கும்.

கொடுத்தது. தலைவரின் மைத்துனர் ஒரு நிலத் தரகர். மேற்குக் கரையில், தண்ணீரை ஒட்டி, அறுபது அறையில் ஒரு விடுதி கட்ட ஆசைப்பட்டார். குச்சி சாயவே இல்லை. ஏரிக்குப் பூரண சம்மதமாம்.

அதே மேற்குக் கரையில், விடுதி மனையை ஒட்டித்தான் மைவிரலின் அக்கா சலவைக்கடை வைத்திருந்தாள். முன்னால் கடை, பின்னால் வீடு, பக்கத்தில் துணி காயப்போடும் கொடிகள். அக்காவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள், பத்து வயது. கடையில் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி உண்டு. கைப்பிடியின் பின்பக்கம் எப்போதோ உடைந்து, முன்பக்கம் மட்டும் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். வேறு யாராவது தூக்கினால் கை சுடும். அக்கா அதை வைத்து ஊர்ச் சட்டையை எல்லாம் சுருக்கம் எடுத்து மகளை வளர்த்தாள்.

குச்சி மேற்குக் கரைக்கு வந்த புதன்கிழமை மைவிரலும் கடை வாசலில் நின்றாள். விளக்குக் கம்பம் வரை ஏரிவாயர் நேராக வந்தார். கம்பத்துக்கிட்டே குச்சி சடாரென்று திரும்பியது. அவர் கொடிகளுக்கு அடியில் குனிந்து, கடையைச் சுற்றி, வீட்டின் பின்பக்கமாகப் போய், மறுபடி வளைந்து பழைய நேர்கோட்டுக்கே வந்து சேர்ந்தார். கடையும் வீடும் கோட்டுக்குள். கூட்டம் ஐயோ என்றது. அக்கா மகளைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

மைவிரல் அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தாள். அந்த வளைவு அவளுக்குத் தெரியும். அது ஏரி போட்ட வளைவு இல்லை, அவள் தும்மல் போட்ட வளைவு.

ஆறு வருடத்துக்கு முன்னால், மேற்குக் கரை வரைபடத்துக்கு மை ஏற்றும்போது ஒரு தும்மல் வந்தது. பேனாவிலிருந்து ஒரு சொட்டு கோட்டின் மேல் விழுந்தது. மாலைக்குள் படத்தைக் கொடுக்க வேண்டும், அன்றைய அதிகாரியோ கத்தியே ஆளைக் கொன்றுவிடுவார். பயத்தில் அவள் அந்தச் சொட்டைச் சுற்றிக் கோட்டை வளைத்து, ஏரிதான் அங்கே கரைப் பக்கம் புடைத்திருப்பது போலச் சமாளித்துவிட்டாள். படத்தில் அது உளுந்து அளவு. தரையில் எண்பதடி. பழைய வீடுகளை யாரும் தொட மாட்டார்கள் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். உலகத்தில் இந்த விஷயம் அவளுக்கும் அந்தக் காகிதத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

இப்போது ஏரிவாயருக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் அவர் காது கொடுத்தது ஏரிக்கு இல்லை, அலமாரிக்கு. அந்த அலமாரிக்கு இரண்டே சாவிதான். ஒன்று இவளிடம். இன்னொன்று தலைவரிடம்.

அன்று மதியமே டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்தாள். நீர்க்கோட்டிலிருந்து கடை வாசலுக்கு நூற்று முப்பது அடி. சட்டப்படி அக்கா அசைய வேண்டியதே இல்லை. ஆனால் தரகர் அதற்குள் அக்கா வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப இரக்கமான மனிதர். ஏரி எடுத்துக்கொள்ளும் இடத்தை யார் வாங்குவார்கள், நானாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன், அடுத்த புதன்கிழமை கிழக்குக் கரை நடை முடிந்ததும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏரிக்குச் சலவை நுரை பிடிக்காதாம். அறுபது கழிப்பறை பிடிக்குமாம். அதை ஒருவரும் கேட்கவில்லை.

அவர் போனதும் மைவிரல் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தும்மல், மைச்சொட்டு, அலமாரி, நூற்று முப்பது அடி எல்லாம். சொல்லும்போது வெட்கத்தில் காது சுட்டது. அக்கா துணியை மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றாள். "அப்ப ஏரிதான்டி உன்னைத் தும்ம வெச்சிருக்கு."

மைவிரல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு அன்னிக்குச் சளி."

"சளி எங்கிருந்து வந்துச்சு? தண்ணியிலிருந்துதானே? ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அது உன் கையால எழுதி வெச்சிருக்கு. நீதான் படிச்சவ, உனக்குப் புரியலை." அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "கடை போனா இன்னொரு கடை வெச்சுக்கலாம். என் பொண்ணு போனா நான் என்னடி செய்வேன்?"

பயந்தவளிடம் டேப்பைக் காட்டினால் டேப்புக்கும் பேய் பிடித்திருக்கிறது என்பாள். மைவிரலுக்கு அக்கா மேல் கோபம் வந்தது. அவளை இப்படி ஆக்கிய குச்சி மேல் அதைவிடக் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் குச்சிக்கு வளைவு சொல்லிக் கொடுத்த தன் கையின் மேல் வந்தது. ஆனால் அக்கா சொன்னதில் ஒன்று அவள் மண்டையில் தங்கிவிட்டது. தான் எழுதி வைத்தபடிதான் குச்சி நடக்கும். அப்படியானால் எழுதி வைத்துப் பார்த்தால் என்ன?

அதற்கான வாய்ப்பைத் தலைவரே தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். கிழக்குக் கரைக்கு அதுவரை வரைபடமே கிடையாது. மறுநாள் காலையில் தலைவர் வரைபட அறைக்கு வந்து படம் முடிந்துவிட்டதா என்று விசாரித்தார். மதியமும் வந்தார். சாயங்காலம் ஆள் அனுப்பினார். புதன்கிழமைக்கு முன்னால் கட்டாயம் அலமாரியில் இருக்க வேண்டுமாம். ஏரி தானாகச் சொல்லப் போகும் எல்லைக்குத் தலைவர் ஏன் இப்படிப் பறக்கிறார் என்று அலுவலகத்தில் இருபத்து மூன்று பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. எல்லோரும் படித்தவர்கள்.

மைவிரல் வரைந்தாள். ஒன்றல்ல, இரண்டு. கிழக்குக் கரையை இரண்டு நாள் அளந்து உண்மையான படம் ஒன்று போட்டாள். அதைக் கொண்டுபோய் அலுவலகப் பதிவில் சேர்த்து, தேதி முத்திரை குத்தி வாங்கி, குழாயில் சுருட்டித் தன்னோடு வைத்துக்கொண்டாள். இரண்டாவது படத்தில் கரை முழுக்க அதே கோடுதான், ஓர் இடத்தைத் தவிர. விளையாட்டுத் திடலில் கோடு கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வந்தது. அந்தப் படத்தின் மூலையில், 'மாதிரி மட்டும், பயன்படுத்தக் கூடாது' என்று பொடி எழுத்தில் எழுதினாள். அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். திருடுகிறவர்கள் மூலையில் இருப்பதைப் படிக்க மாட்டார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

புதன்கிழமை வந்தது. கிழக்குக் கரைத் திடலில் பந்து விளையாட்டுப் பார்ப்பதற்கென்று படிப்படியாக உயர்ந்த இருக்கை வரிசைகள் உண்டு. பத்து மணிக்கு முன்பே அதில் ஊசி குத்த இடமில்லை. மேல் வரிசையில் அக்கா மகளோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் வீட்டுப் பத்திரம். பக்கத்தில் தரகர், பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, நேரத்தை ஓட்டினார். மைவிரல் கீழே வேலியோரம் நின்றாள். வரைபடக் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இந்த ஏரிவாயர் இன்று படத்துக் கோட்டை விட்டு விலகி நடந்தால் அக்காவின் கடை போய்விடும், தன் வேலையும் போய்விடும், சிரிப்பாய்ச் சிரித்துவிடும் ஊர்.

ஏரிவாயர் குச்சியோடு திடலுக்குள் வந்தார். உதடு அசைந்தது. அதை மந்திரம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. வேலியோரம் நின்றவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு.

பதினெட்டில் குச்சி இடது பக்கம் திரும்பியது. சரிவாக ஏறியது. பிறகு நேராக. பிறகு ஒரு கொக்கி மாதிரி மேலே போய், பின்னால் வளைந்து, சட்டென்று நின்றது. ஏரிவாயருக்கே கொஞ்சம் குழப்பம்தான், நெற்றியைச் சுருக்கி விரலை மடக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டார். ஆனால் வரைபடத்தைப் பார்த்து யாரோ எழுதிக் கொடுத்த கணக்கு அப்படி இருக்கும்போது அவர் என்ன செய்வார்? வந்த வழியை ஒட்டியே இறங்கினார், மறுபடி நேராகப் போனார், செங்குத்தாகக் கீழே வந்தார், அடியில் நீளமாக ஒரு கோடு நடந்து ஆரம்பித்த இடத்தைத் தொட்டார். சுண்ணாம்புக்காரர் ஒரு வளைவு விடாமல் சிந்திக்கொண்டே வந்தார். பாவம், நேர்மையான தொழிலாளி.

தரையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பச்சைப் புல்லில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. கூர்மையான மூக்கு, தட்டையான அடி, மேலே உடைந்த கைப்பிடி. மேல் வரிசையில் அக்கா மெதுவாக எழுந்தாள். பத்திரம் மடியிலிருந்து நழுவி விழுந்தது.

"இது என் இஸ்திரிப் பெட்டிடி," என்றாள் மகளிடம். திடல் முழுக்கக் கேட்டது.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு ஒரு வரிசையே சிரித்தது. அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? நம் ஜனங்களைச் சாமானியமாக எடை போடாதீர்கள். பல் டாக்டர் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். ஏரியே இஸ்திரிப் பெட்டி வரைந்து சலவைக்காரிக்கு அருள் கொடுத்துவிட்டது என்றார். அப்படியா, அப்படியா என்று சிரித்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. பாட்டில் விற்றவன் குரலை உயர்த்தினான். ஏரிவாயர் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது. அவரும் கண்ணை மூடி, ஆமாம், இன்று ஏரி கருணையோடு இருக்கிறது என்றார்.

மைவிரல் வேலியைத் தாண்டித் திடலுக்குள் போனாள். என்ஜினியரைக் கூப்பிட்டு, தன் சாவியைக் கொடுத்து, அலமாரியில் இருக்கும் கிழக்குக் கரைப் படத்தை எடுத்து வரச் சொன்னாள். அலுவலகம் திடலுக்கு எதிரேதான். அவர் கொண்டுவந்து விரித்தார். இஸ்திரிப் பெட்டி, கொக்கிக் கைப்பிடி உட்பட, படத்திலும் இருந்தது. மூலையில் இருந்த பொடி எழுத்தை அவரையே சத்தமாகப் படிக்கச் சொன்னாள். பிறகு குழாயிலிருந்த உண்மைப் படத்தையும் விரித்து, அதிலிருந்த தேதி முத்திரையைக் காட்டினாள்.

"இந்தப் பெட்டியை ஏரி போடலை. திங்கட்கிழமை நான் போட்டேன்," என்றாள். "மேற்குக் கரையில எங்க அக்கா கடையைச் சுத்தின வளைவும் நான் போட்டதுதான். மை சொட்டிடுச்சு, பயந்துபோய் மறைச்சேன். அது என் தப்பு. அந்தத் தப்பு ஏரிக்கு எப்படித் தெரியும்? ஏரி அலமாரியைத் திறந்து பார்த்துச்சா?"

அதோடு நிறுத்தவில்லை. சந்தேகம் இருப்பவர்களுக்கு இன்னொரு சின்னச் சோதனை வைக்கலாம் என்றாள். ஏரிவாயர் இதே எல்லையை இன்னொரு தடவை நடக்கட்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு. பேசுவது ஏரிதானே, கண்ணுக்கு என்ன வேலை?

ஏரிக்கு இன்று களைப்பு என்றார் ஏரிவாயர். அதற்குள் அக்கா படியிறங்கி வந்துவிட்டாள். வெளுத்த துண்டு ஒன்று அவள் தோளில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து அவர் கண்ணில் அவளே கட்டினாள். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினாள். மகளைக் காட்டி ஒரு வாரம் அவளைத் தூங்கவிடாமல் செய்த ஆளல்லவா?

கூட்டம் நட என்றது. ஏரிவாயர் நடந்தார். குச்சி முதலில் புல்வெளியின் நடுவில் சாய்ந்தது. பிறகு ஒரு செருப்பின் மேல். பிறகு கோல் கம்பத்தில் நெற்றி இடித்து, கம்பத்தின் அடியில் சாய்ந்தது. அங்கே ஏரி இல்லை. திரும்பி வந்து சாய்ந்த இடத்தில் தரகரின் பளபளப்பான காலணி இருந்தது. அதிலும் ஏரி இல்லை. இந்த முறை சிரித்தவர்கள் வாயை மூடவில்லை.

துண்டை அவிழ்த்தபோது ஏரிவாயர் தலைவரைத்தான் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். தானும் ஏமாந்துவிட்டதாகப் பிற்பாடு அறிக்கை விட்டார். அலமாரியின் இரண்டாவது சாவி எப்படி ஏமாந்தது என்று அறிக்கையில் இல்லை. அதை விசாரணைக் குழு கேட்டுக்கொண்டிருக்கிறது. விடுதியின் அஸ்திவாரத்தை என்ஜினியர் டேப்பு வைத்து அளந்தார். தண்ணீரிலிருந்து முப்பத்தொரு அடி. வேலை நின்றது. மேஜைக் காலுக்கு அடியிலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார்கள், மேஜை இப்போது ஆடுகிறது. ஏரிவாயர் வந்த மாதிரியே பேருந்து ஏறினார். இதற்குள் வேறு எங்கேயோ இன்னொரு ஏரிக்குப் பேச்சு வந்திருக்கும்.

தும்மலை மறைத்ததற்காக மைவிரலை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அது நியாயம்தான் என்று அவளே சொன்னாள். அந்த மாதம் அக்கா கடையில் சட்டை மடித்தாள். மாதம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாள் காலை, திருத்திய படத்துக்காகக் கடை வாசலை மறுபடி அளக்க டேப்பை விரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பல் டாக்டர்தான். கையைக் கட்டிக்கொண்டு, பவ்வியமாக, தலையைத் தாழ்த்தி நின்றார்.

"அம்மா, நீங்க வரைஞ்சபடிதான் அந்தக் குச்சியே ஆடுச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு," என்றார். "உங்க விரல்ல ஏதோ சக்தி இருக்கு. என் மனைக்கு வந்து ஒரு தடவை தொட்டுச் சொல்லிட்டீங்கன்னா…"

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மைவிரல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு டேப்பின் ஒரு முனையை நீட்டினாள்.

"கட்டின கையை அவுத்துட்டு இந்த முனையைப் பிடிங்க, டாக்டர். தண்ணி ஓரம் வரைக்கும் போங்க. நூறு வரைக்கும் எண்ணத் தெரியுமில்ல? அப்ப உங்களுக்கு எந்த வாயரும் வேண்டாம். நானும் வேண்டாம்."